முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்தது எப்படி? முடிவெடுக்க ஒரு வழி

மறுபடியும் கர்ப்பமாகி எங்கள் மருத்துவமனைக்கு வரும் பெண்கள், பெயரைப் பதிவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "இந்தத் தடவையாவது நார்மல் ஆகுமா சிஸ்டர்?" நான் வாய் திறப்பதற்குள் கூட வந்த மாமியாரோ அம்மாவோ பதில் சொல்லிவிடுவார்கள்: "முதல்ல ஆபரேஷன்னா ரெண்டாவதும் ஆபரேஷன்தான்." அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய சீட்டை எடுத்துட்டு வாங்க, அதைப் பார்த்துட்டுப் பேசலாம்.

முதலாவது ஆபரேஷன் என்றால் எல்லாமே ஆபரேஷன் என்ற பேச்சு நம் ஊரில் பிறந்தது இல்லை. 1916-ல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மகப்பேறு மருத்துவர் சொன்னது. அப்போது கர்ப்பப்பையின் மேல்பகுதியில், தடித்த தசையில் நெட்டாக வெட்டுவார்கள். அடுத்த பிரசவ வலியில் அந்த வெட்டு பிரிந்துவிடும் ஆபத்து அதிகம். அதனால் முதல் ஆபரேஷனுக்கு முன்பே நன்றாக யோசியுங்கள் என்று மற்ற மருத்துவர்களை எச்சரிக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். 1920-களில் கிளாஸ்கோவில் மன்ரோ கெர் என்ற மருத்துவர், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையை வலியுறுத்திப் பரப்பினார். இன்று நம் ஊரில் நடக்கும் சிசேரியன்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த முறைதான். வெட்டு மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியா முழுவதற்கும் அது 21.5 சதவீதம். ஆக, இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கும் நம் பெண்களில் பெரும்பகுதி இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். யாரோ சொன்ன ஒரு வரியை வைத்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

பழைய சீட்டைப் படிப்பது

டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் திணித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் அதுவும் கிடக்கும். தனியார் மருத்துவமனை என்றால் ஒரு ஃபைலே இருக்கும். கிடைக்கவில்லை என்றால் பிரசவம் நடந்த மருத்துவமனையின் ரெக்கார்டு செக்‌ஷனில் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) பிரசவத் தேதியும் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் பிக்மி நம்பரையும் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்) கொண்டுபோங்கள். இதைக் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். ஒன்பதாம் மாதம் வலியோடு வந்து படுத்துக்கொண்டு, "பேப்பர் ஊர்ல இருக்கு சிஸ்டர்" என்றால் எங்களால் எதையும் யோசிக்க முடியாது.

தாள் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது காரணம். 'எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்.' அல்லது 'எலெக்டிவ் எல்.எஸ்.சி.எஸ்.' என்று எழுதி, பக்கத்திலேயே ஏன் என்று குறித்திருப்பார்கள். எல்.எஸ்.சி.எஸ். என்றால் சிசேரியன்; எமர்ஜென்சி அவசரமாகச் செய்தது, எலெக்டிவ் நாள் குறித்துச் செய்தது. 'பிரீச்' என்றால் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்திருக்கிறது. அது அந்தக் குழந்தை கிடந்த விதம். இந்தக் குழந்தை தலை கீழே வந்துவிட்டால் அந்தக் காரணம் போயே போய்விட்டது. 'ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ்' என்றால் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து அவசரமாக எடுத்திருக்கிறார்கள். 'எம்.எஸ்.எல்.' என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துப் பனிக்குட நீர் நிறம் மாறியிருக்கிறது. 'ஃபெயில்டு இண்டக்‌ஷன்' என்றால் வலி வர மருந்து வைத்தும் சரியாக வரவில்லை. 'என்.பி.ஓ.எல்.' என்றால் வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறப்பது பாதியில் நின்றுவிட்டது.

'சி.பி.டி.' (குழந்தையின் தலை இறங்க இடுப்பெலும்பில் இடம் போதவில்லை) என்று இருந்தால் பெண்கள் மனம் உடைந்துபோகிறார்கள். "எனக்கு இடுப்பெலும்பு சின்னதாம், எப்பவுமே நார்மல் ஆகாதாம்." ஒரு விஷயம் கவனியுங்கள். பிரசவம் முன்னேறாமல் நின்ற பல கேஸ்களில் அந்த மூன்று எழுத்தை எழுதிவிடுகிறார்கள். அதற்கு இடுப்பெலும்பு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. குழந்தையின் தலை நிமிர்ந்தபடியோ கோணலாகவோ இறங்கினாலும் பிரசவம் நிற்கும். வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தபோது நின்றது, குழந்தையின் எடை எவ்வளவு என்று அதே தாளில் பாருங்கள். மூன்று சென்டிமீட்டரில் நின்றதும், முழுதாகத் திறந்து முக்கியும் தலை இறங்காததும் ஒன்றில்லை. நாலு கிலோ குழந்தை நின்றதும் இரண்டே முக்கால் கிலோ குழந்தை நின்றதும் ஒன்றில்லை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது வெட்டு. ஆபரேஷன் குறிப்பில் 'லோயர் செக்மென்ட் ட்ரான்ஸ்வர்ஸ்' என்று இருந்தால் கீழே குறுக்கு வெட்டு. 'கிளாசிக்கல்' என்றால் மேலே நெட்டு வெட்டு. 'இன்வெர்டட் டி' என்றால் குறுக்கே வெட்டியது போதாமல் மேல்நோக்கியும் நீட்டியிருக்கிறார்கள். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்லவே முடியாது. வெளியே குறுக்காகவும் உள்ளே நெட்டாகவும் இருக்கலாம். ஏழாம் மாதத்திலேயே எடுத்த குழந்தை என்றால் இதை இன்னும் கவனமாகத் தேடுங்கள். அந்த மாதத்தில் கீழ்ப்பகுதி சரியாக விரிந்திருக்காததால் சில சமயம் மேலே வெட்ட வேண்டி வரும்.

அப்புறம், வீட்டுக்குப் போனபின் காய்ச்சல் வந்ததா, தையலில் சீழ் பிடித்ததா, ரத்தம் ஏற்றினார்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தத் தேதியில் ஆபரேஷன் நடந்தது என்பதும் முக்கியம். முந்தைய பிரசவத்துக்கும் இந்தப் பிரசவத்துக்கும் நடுவில் 18 மாதம்கூட ஆகவில்லை என்றால் தழும்பு பிரியும் ஆபத்து கூடுகிறது.

இப்போது கைக்குழந்தையோடு இருந்து, இன்னும் அடுத்ததைப் பற்றி யோசிக்காதவர்கள், அந்தத் தாளை இன்றைக்கே போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள்.

சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யவே கூடாதவர்கள்

கர்ப்பப்பையில் மேலே நெட்டு வெட்டு உள்ளவர்கள், முன்பு ஒருமுறை கர்ப்பப்பை கிழிந்தவர்கள், நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு கிடப்பவர்கள். இவர்களுக்குச் சிசேரியன்தான், பேச்சே இல்லை. 'டி' வெட்டு இருப்பவர்களுக்கும், ஃபைப்ராய்டு கட்டியை எடுக்கக் கர்ப்பப்பையில் பெரிய ஆபரேஷன் செய்தவர்களுக்கும் பெரிய டாக்டர் தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குழந்தை குறுக்கே கிடந்தாலும் ஆபரேஷன்தான், ஆனால் அது கடைசி வாரம் வரை மாறலாம்.

மற்றவர்களுக்கு, அதாவது ஒரே ஒரு கீழ்க்குறுக்கு வெட்டுச் சிசேரியன் நடந்து, வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழே என்று இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு, இரண்டு வழியும் திறந்திருக்கிறது. அங்கேதான் யோசனை தொடங்குகிறது.

எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2015-ல் கொடுத்த வழிகாட்டியைத்தான் நான் பெண்களிடம் சொல்வேன். ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் 100-க்கு 72 முதல் 75 பேருக்கு அது நடக்கிறது. முன்பு ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு, அது சிசேரியனுக்கு முன்போ பின்போ, 85 முதல் 90 பேருக்கு நடக்கிறது. இதைவிடப் பெரிய தெம்பு வேறு எதுவும் இல்லை. முதல் சிசேரியனின் காரணத்தை வைத்தும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்: குழந்தை கிடந்த விதம் சரியில்லாததால் என்றால் 84, இதயத்துடிப்பு குறைந்ததால் என்றால் 73, பிரசவம் முன்னேறாததால் என்றால் 64. நான் முன்னே சொன்ன சி.பி.டி.க்காரர்கள் இந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். பாதிக்கு மேல்தான்.

வலி தானாக வருவது, குழந்தை நாலு கிலோவுக்குக் கீழே இருப்பது, அம்மாவின் எடை அதிகமாக இல்லாதது, வயது 40-க்குக் குறைவாக இருப்பது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும்.

இனி பயப்படும் விஷயம். 'தையல் விட்டுப்போகும்' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் கர்ப்பப்பை தழும்பின் வழியே கிழிவது. முயற்சி செய்யும் 200 பேரில் ஒருவருக்கு இது நடக்கிறது. வலி வருமுன் நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் 10,000-ல் இரண்டு பேருக்கும் குறைவு. கிழிந்தால் நிமிடங்களில் குழந்தையை எடுக்க வேண்டும். முயற்சியின்போது பிரசவம் தொடர்பாகக் குழந்தை இறப்பது 10,000-ல் நான்கு, இது முதல் பிரசவக்காரர்களுக்கு இருக்கும் ஆபத்துக்குச் சமம்தான். நாள் குறித்த சிசேரியனில் அது ஒன்று. அம்மாவின் உயிரை எடுத்துக்கொண்டால் கணக்கு திரும்புகிறது: முயல்பவர்களில் லட்சத்துக்கு 4, நாள் குறித்த சிசேரியனில் லட்சத்துக்கு 13. இரண்டுமே மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே படியுங்கள். இந்த எண்கள், ராத்திரி பகல் எந்நேரமும் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடங்களில் கிடைத்தவை என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த ஒப்பீட்டில் விட்டுப்போகும் ஒன்று இருக்கிறது. சுகப்பிரசவம் ஆனால்தான் அதன் நன்மை எல்லாம் கிடைக்கும்: சீக்கிரம் எழுந்து நடக்கலாம், வீட்டில் இருக்கும் மூத்த குழந்தையைத் தூக்கலாம், அடுத்த பிரசவமும் சுலபம். முயன்று பாதியில் நின்று ஆபரேஷனுக்குப் போனால், நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனைவிட அதில் காய்ச்சல், ரத்தப்போக்கு போன்ற தொல்லைகள் அதிகம். அதனால் 'எனக்கு நார்மல் வேண்டும்' என்ற ஆசையோடு, 'எனக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு' என்பதையும் வைத்துப் பாருங்கள். ஒருமுறை சுகப்பிரசவம் ஆன பெண் தயங்கினால் நான் தைரியம் சொல்வேன். முழுதாக வாய் திறந்து, மணிக்கணக்காக முக்கியும் இறங்காமல் போய், இந்தக் குழந்தையும் அதைவிடப் பெரிதாக இருக்கும் பெண்ணை நான் வற்புறுத்த மாட்டேன்.

இன்னும் எத்தனை குழந்தை?

இதை வெளிப்படையாகப் பேசாமல் முடிவெடுக்க முடியாது. நம் ஊரில் இரண்டாவது சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. இதுவே கடைசிக் குழந்தை என்று உறுதியாக இருந்தால் நாள் குறித்த சிசேரியன் நியாயமான முடிவுதான். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மட்டும் சிசேரியன் கேட்காதீர்கள். சுகப்பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே தொப்புளுக்குக் கீழே சின்னக் கீறல் போட்டு அதைச் செய்துவிடலாம்.

மூன்றாவது குழந்தை பற்றி யோசனை இருந்தால் கணக்கே வேறு. ஒவ்வொரு சிசேரியன் தழும்பும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு போய் ஒட்டிக்கொள்ளும் இடமாகலாம். நஞ்சு கீழே வந்து, தழும்புக்குள் வேர் விட்டதுபோல் புதைந்துவிட்டால் பிரசவத்தின்போது பிரியாது. ரத்தம் கொட்டும். பல சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். அமெரிக்காவில் சுமார் 30,000 சிசேரியன்களை வைத்து 2006-ல் வெளியான ஆய்வில், நஞ்சு வாயை மூடிக் கிடந்த பெண்களுக்கு இப்படிப் புதையும் வாய்ப்பு இரண்டாவது சிசேரியனில் 11 சதவீதம், மூன்றாவதில் 40, நான்காவதில் 61. பிரசவ அறையில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான், தையல் பிரிவதற்குக்கூட இரண்டாவது இடம்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், முன்பு சிசேரியன் ஆனவர்கள் இரண்டு ஸ்கேனை விடவே கூடாது. கர்ப்பம் உறுதியானதும் ஆறு, ஏழு வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில், கரு பழைய தழும்பிலேயே உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 'லோ லையிங்' (நஞ்சு கீழே இருக்கிறது) என்றோ 'பிரீவியா' (நஞ்சு வாயை மூடியிருக்கிறது) என்றோ வந்தால் 32 வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுப்பவரிடம் "எனக்கு ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருக்கு" என்று வாயால் சொல்லுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசி மாதத்தில் தையலின் தடிமன் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு ரிப்போர்ட் கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்து அழுதவர்கள் உண்டு. இத்தனைக்குக் கீழே போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு இதுவரை இல்லை. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எந்த மருத்துவமனை?

பாதி முடிவு இதிலேயே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் துடிப்பு குறைந்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். மகப்பேறு டாக்டர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? மயக்க மருந்து டாக்டர்? ரத்தம் கைவசம் இருக்குமா? குழந்தை டாக்டர் உண்டா? வலி நேரம் முழுவதும் குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் சி.டி.ஜி. மெஷின் மாட்டி வைப்பார்களா?

அரசு மருத்துவமனைகளில் சீமாங்க் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) உள்ள இடம், அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் இதெல்லாம் 24 மணி நேரமும் இருக்க வேண்டிய இடம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப் தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் தழும்புள்ள கர்ப்பப்பையோடு அங்கே பிரசவ வலிக்குக் காத்திருக்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, முன்கூட்டியே பெரிய மருத்துவமனையில் ஒருமுறை காட்டிப் பதிந்துவிடுங்கள்.

தனியாரில் பல சின்ன மருத்துவமனைகள் "நாங்க இதை எடுக்கிறதில்லை" என்று சொல்லிவிடுவார்கள். கோபப்படாதீர்கள். ராத்திரி மயக்க மருந்து டாக்டர் வேறு ஊரிலிருந்து வர வேண்டிய இடத்தில் அது நேர்மையான பதில். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஒன்பது மாதமும் சொல்லிவிட்டு 38-வது வாரத்தில் "தண்ணி கம்மியா இருக்கு, நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க" என்பதுதான் பெண்களை ஏமாற்றத்தில் விடுகிறது. தண்ணீர் குறைவது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த டாக்டர் இதற்கு முன் தழும்போடு சுகப்பிரசவம் பார்த்திருக்கிறாரா என்பதை ஐந்தாம் மாதத்திலேயே கேட்டுவிடலாம். "மேடம், முன்னாடி சிசேரியன் ஆனவங்களுக்கு நீங்க நார்மல் பார்த்திருக்கீங்களா? எந்தச் சூழ்நிலையில வேண்டாம்னு சொல்வீங்க?" இந்த இரண்டு கேள்வி போதும். நன்றாகப் பார்க்கும் டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், நேராகப் பதில் சொல்வார்.

முயல்வதென்று முடிவானால்

வீட்டில் வலியைப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்து இரண்டு மணி நேரம் காத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். மற்றவர்களுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம். வலி விட்டு விட்டு வரத் தொடங்கியதும், பனிக்குடம் உடைந்ததும், ரத்தம் பட்டதும் கிளம்பிவிடுங்கள். சூட்டு வலி என்றால் பார்த்துவிட்டு அனுப்புவோம், யாரும் திட்ட மாட்டோம். வலி சீக்கிரம் வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிப்பதும், கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதும் கூடவே கூடாது. வலி வரவைக்க வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை தழும்புள்ள கர்ப்பப்பையைக் கிழித்துவிடக்கூடியது.

உள்ளே வந்ததும் நரம்பில் ஊசி போட்டு வைப்போம், ரத்தம் எடுத்து ஒத்துப்போகும் பாட்டில் ஒன்று பார்த்து வைக்கச் சொல்வோம். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி சி.டி.ஜி. ஓடும். ஒன்று குழந்தையின் துடிப்பைப் பிடிக்கும், மற்றது வலியை. நிமிடத்துக்கு 110-லிருந்து 160-க்குள் துடிப்பு இருக்க வேண்டும். தழும்பு பிரியத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் அந்தத் தாளில்தான் தெரியும். ஆனால் நான் மெஷினை மட்டும் நம்புவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை வயிற்றில் வைத்திருப்பேன். வலி வரும்போது வயிறு கல்லாக இறுகும், போகும்போது தளரும். தளர வேண்டிய நேரத்திலும் வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், தழும்பு இருக்கும் இடத்தை விரலால் லேசாகத் தொட்டதும் அவள் முகம் சுளித்தால், நாடி ஏறினால், யூரின் பையில் சிவப்புத் தெரிந்தால், நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றால், உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். இது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். "வலி விடவே மாட்டேங்குது சிஸ்டர்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பிரசவ வலி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வலி குறைக்கும் எபிடூரல் ஊசி இருக்கும் இடமாக இருந்தால் நீங்களும் போட்டுக்கொள்ளலாம், தழும்பு இருப்பது அதற்குத் தடை இல்லை. வலி கூட்டும் ட்ரிப் விஷயத்தில் மட்டும் கவனம். மருந்தால் வலியை வரவைத்தாலோ கூட்டினாலோ கிழியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. வேண்டவே வேண்டாம் என்று இல்லை, ஆனால் பெரிய டாக்டர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான். "யார் போடச் சொன்னாங்க?" என்று உங்கள் கூட இருப்பவர் கேட்கலாம்.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். முதலாவது பிரீச் என்று ஆபரேஷன். இரண்டாவதுக்கு நல்ல வலியோடு வந்தாள், வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருந்தது. வெளியே மாமியார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி, "ஏம்மா, எதுக்கு ரிஸ்க்கு, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றார். அந்தப் பெண்ணே உள்ளிருந்து, "அத்தை, டாக்டரம்மா பார்த்துட்டுத்தான் இருக்காங்க, நீங்க போய் உட்காருங்க" என்றாள். விடிவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அதே வாரம் இன்னொருத்தி. எல்லாம் நன்றாகப் போய், ஆறு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. ட்ரிப் போடலாமா என்று டாக்டர் அவளிடமே கேட்டார். வேண்டாம், ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றாள். அவளும் நல்லபடியாக வீட்டுக்குப் போனாள். முயன்றது வீண் என்று அவள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

நாள் குறித்த சிசேரியன் என்றால்

39 வாரம் நிறையட்டும். வேறு மருத்துவக் காரணம் இல்லாமல் 37, 38-ல் எடுக்கும் குழந்தைகள் மூச்சுத் திணறலோடு குழந்தைகள் வார்டுக்குப் போவதை நிறையப் பார்க்கிறோம். நட்சத்திரம், லக்னம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வருபவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. 39 வாரத்துக்குப் பிறகு உள்ள நாட்களில், பகல் வேளையில், டாக்டர்கள் எல்லோரும் இருக்கும் நேரத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். நல்ல நட்சத்திரத்துக்காக 37-வது வாரத்தில் எடுக்கச் சொல்வது குழந்தைக்குச் செய்யும் நல்லது இல்லை.

நாள் குறித்த பத்தில் ஒருவருக்கு அந்த 39 வாரத்துக்கு முன்பே வலி வந்துவிடும். அதை முன்பே பேசி வையுங்கள். வலி நன்றாக வந்து வாயும் திறந்துவிட்டால் அப்போது சுகப்பிரசவத்துக்குச் சம்மதமா, இல்லை அப்போதும் ஆபரேஷன்தானா? இதைக் கேட்கும்போது முகத்தைப் பார்த்து விழிக்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும்.

ரத்தம் முக்கியம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரண்டு வழிக்குமே ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. மாத்திரையில் ஏறவில்லை என்றால் ஊசி போடச் சொல்லி ஏழாம் மாதத்திலேயே கேளுங்கள்.

இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு

நம் ஊரில் பெரும்பாலான டாக்டர்கள் நேராக ஆபரேஷன் என்றுதான் சொல்வார்கள். முயன்றவர்களைப் பற்றிய ஆய்வுகளில் 71 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது, கிழிந்தது 1.36 சதவீதம். அதாவது ஒரு சிசேரியன் ஆனவர்களைவிட ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். ஏற்கெனவே சுகப்பிரசவமும் ஆனவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெரிய டாக்டரே பொறுப்பேற்கிறார் என்றால் பேசிப் பார்க்கலாம். மற்றபடி எனக்கு வேண்டியவள் ஒருத்தி கேட்டால் 39 வாரத்தில் சிசேரியன் செய்துகொள் என்றுதான் சொல்வேன். அதைவிட முக்கியமாக, நஞ்சு எங்கே இருக்கிறது என்ற ஸ்கேன் பார்க்காமல் அந்த ஆபரேஷனுக்கே போகாதே என்பேன்.

36-வது வாரத்தில்

அந்தச் செக்கப்புக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாயால் பேசியது ராத்திரி டியூட்டி டாக்டருக்குத் தெரியாது. தாய் சேய் நல அட்டையில் மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: முயற்சியா, நாள் குறித்த சிசேரியனா, முயற்சி என்றால் எந்த வாரம் வரை காத்திருப்பது, வலி வரவே இல்லை என்றால் என்ன செய்வது, நாள் குறித்தது என்றால், முன்பே வலி வந்தால் என்ன செய்வது. கீழே டாக்டரின் கையெழுத்து. இதற்குப் பிறகும் நீங்கள் மனதை மாற்றிக்கொள்ளலாம், வலி வந்து படுத்திருக்கும்போதுகூட. மாற்றினால் டியூட்டியில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார்.